காற்கூறும் முக்காற்கூறும்: மாணவர் கவி கற்ற வரலாறு

கவிதை பிறவியோடு வருவது, கற்பித்து வருவதன்று என்னும் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. நம் வட்டத்தின் மாதக் கூட்டங்களிலும் இக்கருத்து பலமுறை எழுந்து, பலமுறை மறுக்கப்பட்டு, முடிவுகாணாமலே தேநீர் வேளையில் கலைந்திருக்கிறது. பத்தாண்டு நிறைவை ஒட்டி வெளிவரும் இம்மலரில், அவ்வினாவை வரலாற்றின் துணைகொண்டு அணுகிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறேன். தமிழ்நாட்டில் மாணவர்கள் கவி எழுத எங்கே கற்றார்கள்? யாரிடம் கற்றார்கள்? எப்படிக் கற்றார்கள்? இவையே இக்கட்டுரையின் வினாக்கள்.

தொடக்கத்திலேயே ஒரு கணக்கை நினைவிற் கொள்வது நலம். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இயல்பு, மாணாக்கர் இயல்பு, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றை வகுத்துரைக்கிறார். மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, பன்னாடை என்று தரம் பிரித்த பகுதி நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதனை அடுத்து வரும் கணக்கையோ நாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் எவ்வளவு செம்மையாகக் கொண்டாலும் அவன் அடையும் புலமை காற்கூறுதான் என்கிறார் பவணந்தியார். உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு வருகிறது. கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறு நிறைகிறது. ஆகப் புலமையின் முக்காற்கூறு ஆசிரியரின் வாய்ச்சொல்லுக்கு அப்பால் இருக்கிறது. இலக்கணக் கல்வியை முன்வைத்து எழுந்த இக்கணக்கு, கவி கற்றலுக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துவதை வரலாறு காட்டுகிறது.

செய்வதற்கு ஒரு நூல்

பத்தாம் நூற்றாண்டின் இறுதியிலோ பதினோராம் நூற்றாண்டிலோ அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக் காரிகையை இன்று நாம் தேர்வுக்குரிய நூலாகவே அறிவோம். உறுப்பியல், செய்யுளியல், ஒழிபியல் என்னும் மூன்று இயல்களையும் இளங்கலை மாணவர்கள் ஒரு பருவத்தில் படித்து முடிக்கிறார்கள். ஆனால் இந்நூலின் அமைப்பை உற்று நோக்கினால், இது கவி செய்யப் பழகுவோர்க்கென்று கருதிச் செய்த நூல் என்பது விளங்கும். விதிகளை நூற்பாவாகச் சொல்லாமல் கட்டளைக் கலித்துறையிற் சொல்கிறார் ஆசிரியர். அதனால் விதியை மனப்பாடம் செய்யும் மாணவன், தன்னை அறியாமலே ஒரு யாப்பின் ஓசையையும் காதில் பதித்துக்கொள்கிறான். நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு எழுத்து என்று விரல்விட்டு எண்ணும்போது, விதியைச் சொல்லும் பாடலே விதிக்குச் சான்றாகவும் நிற்கிறது.

அதற்கு மேலும் ஒரு வசதியை இந்நூல் செய்து தருகிறது. எடுத்துக்காட்டுப் பாடல்களின் முதற்சொற்களைத் தொகுத்து நினைவூட்டும் முதனினைப்புக் காரிகைகள் இதில் உள்ளன. ஏடு கையில் இல்லாத நேரத்திலும், நடந்து செல்லும்போதும், மாட்டு வண்டியில் அமர்ந்திருக்கும்போதும், எடுத்துக்காட்டு ஒவ்வொன்றையும் மாணவன் உள்ளத்தில் வரிசையாக எழுப்பிக்கொள்ள முடியும். படித்து மறப்பவனுக்கு இத்தகைய ஏற்பாடு தேவையில்லை. நாள்தோறும் எடுத்துக் கையாளும் தொழிலாளிக்கே அது தேவை.

இந்நூலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது மகடூஉ முன்னிலையாக அமைந்தது. அசை இது, சீர் இது, தளை இது என்று ஒவ்வொரு விதியையும் ஆசிரியர் ஒரு பெண்ணை விளித்தே கூறுகிறார். பல நூற்றாண்டுகள் தமிழகத்துத் திண்ணைகளிலும் மடங்களிலும் அந்த விளி ஒலித்தது. எதிரே அமர்ந்து கேட்டவர்களோ பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். கவி செய்யக் கற்பிக்கும் நூல் யாரை அழைத்ததோ அவள் அந்த அவையில் இல்லை. இந்த முரணுக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் வருவேன்.

மாயூரத்தில் ஒரு மாணவர்

பழைய கல்விமுறையில் ஒரு மாணவர் கவி கற்ற விதத்தை நமக்கு மிக விரிவாகக் காட்டுபவர் உ.வே. சாமிநாதையர். தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815-1876) வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதினார். இவ்விரண்டையும் ஒருசேரப் படிப்போர்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கவிக்கல்வி கண்முன் விரியும்.

1871ஆம் ஆண்டில் பதினேழாம் வயதினராக மாயூரத்திற்கு வந்தபோது, அவர் வெறுங்கையோடு வரவில்லை. அரியலூர், குன்னம், கார்குடி என்று பல ஊர்களில் பலரிடம் பாடம் கேட்டவர். செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகை கற்றவர். ஒரு நூலுக்காக ஓர் ஊர், ஓர் ஆசிரியருக்காக ஒரு குடும்பமே இடம்பெயர்தல் என்னும் நிலை அன்று இருந்தது. அவருடைய ஆசிரியர் நிலைமையும் அதுவே. தண்டியலங்காரத்தில் வல்ல பரதேசி ஒருவர் திரிசிரபுரத்தில் பிச்சையெடுத்து உண்டு வந்தார். இளம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைத் தொடர்ந்து சென்று, அவருக்கு வேண்டிய பணிவிடைகளைச் செய்து, அந்நூலைக் கற்றுக்கொண்டார். அணியிலக்கணம் கற்க அன்று கொடுக்க வேண்டியிருந்த விலை அது.

மாயூரத்திற்கு வந்த புதிதில் சாமிநாதையருக்கு நேர்ந்த ஒன்று என் நெஞ்சை விட்டு நீங்காதது. மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடம் நைடதம் பாடம் கேட்குமாறு பிள்ளையவர்கள் சொல்லிவிட்டார். ஆசிரியர் வாயிலாகவே கேட்க வேண்டும் என்ற ஆவல் புதிய மாணவரைத் துளைத்தது. பிள்ளையவர்கள் தம் புதிய வீட்டின் தோட்டத்தில் நட்டிருந்த மரங்கள் துளிர்க்கின்றனவா என்று விடியற்காலையில் பார்த்து மகிழ்வது வழக்கம். இதைக் கண்ட மாணவர், அவருக்கு முன்பே எழுந்து எந்தக் கிளையில் தளிர் விட்டிருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டு காட்டலானார். தளிரைக் காட்டிக் காட்டி ஆசிரியரின் அன்பைப் பெற்றார். பின்னர்த் தம் விருப்பத்தைச் சொல்ல, ஆசிரியர் தாமே பாடம் சொல்லத் தொடங்கினார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

இங்கே சவேரிநாத பிள்ளையின் இடத்தைக் கருதிப் பார்க்க வேண்டும். மூத்த மாணவர் இளையவருக்குப் பாடம் சொல்வது, ஆசிரியருக்கு நேரம் இன்மையால் வந்த ஏற்பாடு மட்டுமன்று. பவணந்தியார் சொன்ன அரைக்கூறு அந்த மூத்த மாணவருக்கு அங்கேதான் கிட்டியது. சவேரிநாத பிள்ளை கிறித்தவர். புதிய மாணவர் அந்தணர். இருவருக்கும் ஆசிரியர் சைவ மடத்தின் வித்துவான். கவி கற்ற அத்திண்ணையில் சமயம் ஒரு தடையாகவில்லை.

கவி செய்யும் முறையையோ மாணவர்கள் எழுத்தாணி வாயிலாகக் கற்றார்கள். பிள்ளையவர்கள் தம் புராணங்களைத் தாமே எழுதுவதில்லை. அவர் சொல்லச் சொல்ல மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். திருப்பெருந்துறைப் புராணம் உருவான காலத்தில் சாமிநாதையர் உடனிருந்தார். ஒரு சொல் வருகிறது. நின்று, எதுகைக்காகவோ பொருளுக்காகவோ வேறொன்றாக மாறுகிறது. மாறியதன் காரணம் எழுதுபவன் மனத்தில் தங்குகிறது. முடிந்த நூலைப் படிப்பவன் அதன் அழகை மட்டும் காண்கிறான். பக்கத்தில் அமர்ந்து எழுதுபவன், அந்த அழகு எந்த ஐயங்களைத் தாண்டி வந்தது என்பதையும் காண்கிறான். இன்று நாம் 'பட்டறை' என்று சொல்லும் பயிற்சிக்கு உரிய அடிப்படை இதுவே. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பட்டறை 1936ஆம் ஆண்டில் அமைந்தது என்பர். மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பட்டறை நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பட்டறை என்ற பெயர் மட்டும் இல்லை.

அம்முறையின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. அது மடத்தையும் செல்வரையும் நம்பியிருந்தது. தலபுராணம், கோவை, கலம்பகம் எனக் கேட்போர் கேட்ட வகைகளிலேயே கவித்திறன் செலவாயிற்று. திரிபும் யமகமும் திறமையின் அளவுகோல்கள் ஆயின. காரிகை கற்றுக் கவி பாடுவதைக் காட்டிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல் என்ற பழமொழி, அக்கல்வி தந்த வறுமையையும் சொல்கிறது. திண்ணையில் ஏற இடம் பெறாத சாதியினரும், காரிகை விளித்த பெண்டிரும் வெளியே நின்றார்கள். முறை நன்று என்பதற்காக அது நடந்த இடத்தைப் போற்றிப் பாட என்னால் இயலாது.

கல்லூரி வந்தபின்

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற, அவ்விடத்திற்குச் சாமிநாதையர் வந்தார். இருவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர்கள். ஆகவே திண்ணையில் கற்ற கல்வியே கல்லூரி நாற்காலியில் வந்து அமர்ந்தது எனலாம். ஆனால் நாற்காலி கல்வியின் இயல்பை மாற்றிவிட்டது. கல்லூரியில் பாடப்பகுதி வரையறுக்கப்பட்டது. மணி அடித்தால் பாடம் நின்றது. ஆண்டின் இறுதியில் முகமறியாத ஒருவர் விடைத்தாளைத் திருத்தினார். செய்யுளை விளக்குவதற்கு இவ்வமைப்பு பொருந்தியது. செய்யுள் செய்யப் பழகுவதற்கு, ஒருவர் ஒருவரின் அடியைக் கேட்டு, தட்டிய இடத்தைச் சுட்டி, மறுநாள் மீண்டும் கேட்கும் ஓய்வு வேண்டும். ஐம்பது பேர் அமர்ந்த வகுப்பில் அதற்கு இடமில்லாமற் போயிற்று.

இதனால் விளைந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. அதே சாமிநாதையர்தாம் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து, மறைந்து கிடந்த தமிழின் பெருஞ்செல்வத்தை நமக்கு மீட்டுத் தந்தவர்களின் வரிசையில் நின்றார். கல்லூரி, தமிழுக்கு ஆராய்ச்சியைக் கொடுத்தது. சாதி நோக்காமல் வாயில் திறக்கும் வழியையும் மெல்ல மெல்லக் கொடுத்தது. ஆயினும் கவியைக் கற்றலும் கவி செய்தலும் பிரிந்தன. காரிகை, செய்வதற்குரிய நூல் என்ற நிலையிலிருந்து விடை எழுதுவதற்குரிய நூல் என்ற நிலைக்கு வந்தது. 'சீர் பிரித்து அலகிட்டு வாய்பாடு எழுதுக' என்பது வினாவாயிற்று. 'ஒரு வெண்பா இயற்றுக' என்பது அரிதாயிற்று.

மண்டலம் என்ற சொல்

வகுப்பறையில் இடமிழந்த கவிப்பயிற்சி எங்கே சென்றது? புதுச்சேரியில் அதற்கு ஒரு விடை கிடைக்கிறது.

எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டில் பிறந்த சுப்பிரமணிய பாரதியார், அரண்மனைப் புலவர் அவையில் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்லும் சூழலில் வளர்ந்தவர். பதினொன்றாம் வயதில் 'பாரதி' பட்டம் பெற்றார். 1904ஆம் ஆண்டில் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அவ்வாண்டில்தான் அவருடைய 'தனிமை இரக்கம்' விவேகபாநு இதழில் அச்சேறியது. 1908ஆம் ஆண்டில் புதுச்சேரி சென்றபின், அவரைச் சூழ்ந்து இளைஞர்கள் கூடினார்கள். அவர்களுள் ஒருவர் 1891ஆம் ஆண்டில் பிறந்த கனக சுப்புரத்தினம். முறையாகத் தமிழ் கற்று ஆசிரியப் பணியில் இருந்தவர். பாரதியார் கேட்டுக்கொள்ள அவர் பாடிய பாடலை, தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்ற குறிப்போடு பாரதியார் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார்.

அக்குறிப்பில் உள்ள சொல் கருதத்தக்கது. தம் மாணாக்கர் என்று அவர் எழுதவில்லை. தம் மண்டலத்தைச் சேர்ந்தவர் என்றார். மண்டலம் என்பதற்கு வட்டம் என்றே பொருள். திண்ணையில் ஆசிரியர் மேலும் மாணாக்கர் கீழும் அமர்ந்தனர். வட்டத்தில் மேல் கீழ் இல்லை. நடுவில் கவிதை இருக்கிறது. பாரதிதாசனாக மலர்ந்த அவ்விளைஞர், 1935ஆம் ஆண்டில் 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்' என்று கவிதைக்கென ஓர் இதழ் தொடங்கியபோது, அந்தச் சொல்லையே மீண்டும் எடுத்துக்கொண்டார். அவரிடம் பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்ற வாணிதாசன் கவிஞரானார். விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் தொடங்கிய பொன்னி இதழ், 'பாரதிதாசன் பரம்பரை' என்று இளங்கவிஞர்களை வரிசையாக அறிமுகம் செய்தது. முடியரசனும் சுரதாவும் அப்பரம்பரையில் வந்தவர்கள். மடத்துப் பரம்பரைக்கு மாற்றாக இதழ் ஒரு பரம்பரையை உண்டாக்கியது.

விளிக்கப்பட்டவள்

இனி, காரிகை விளித்த பெண்ணிடம் வருவோம். சென்னையில் இராணி மேரிக் கல்லூரி தொடங்கியது 1914ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே தம் முயற்சியால் பண்டிதையாக விளங்கிய அசலாம்பிகை அம்மையார் போன்றோர் உண்டு. காந்தியடிகளின் வாழ்வைப் புராணமாகப் பாடியவர் அவர். பெரும்பாலோர்க்கோ கல்வியின் கதவு மூடியிருந்தது.

அந்நிலையில் வை.மு. கோதைநாயகி அம்மாளின் தொடக்கத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1901ஆம் ஆண்டில் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே மணமானவர். பள்ளிப் படிப்பு இல்லை. கதை சொல்லும் ஆற்றல் நிறைய இருந்தது. எழுதும் பழக்கம் இல்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படி உருவான 'இந்திர மோகனா' நாடகம் 1924ஆம் ஆண்டில் அச்சேறியது. அடுத்த ஆண்டிலேயே 'ஜகன்மோகினி' இதழ் அவர் பொறுப்பில் வந்தது. பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட புதினங்களை எழுதினார்.

மகாவித்துவான் சொல்ல மாணவர் எழுதிய காட்சியையும், இந்த வீட்டுக்குள் நடந்த காட்சியையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். அங்கே எழுதியவர் கற்றார். இங்கே சொல்லியவர் கற்றார். ஆசிரியர் இல்லை, மடம் இல்லை, பாடநூல் இல்லை. உடன் பயில்வோர் தரும் காற்கூறு மட்டுமே அவருக்கு வாய்த்தது. அந்தக் காற்கூற்றிலிருந்தே மற்ற முக்காற்கூற்றையும் அவர் ஈட்டிக்கொண்டார். தமிழ்ப்பெண் எழுதக் கற்ற வரலாறு ஒரு தோழியின் கையெழுத்தில் தொடங்குவதாக எண்ணும்போதெல்லாம் நான் நெகிழ்ந்துபோகிறேன்.

நூலும் இதழும் கற்பித்தவை

திண்ணை மறைந்த காலத்தில் அதன் கல்வியை நூலாக்கித் தந்தோர் சிலர். சாமிநாதையரின் மாணாக்கரும் கலைமகள் ஆசிரியராக நெடுங்காலம் விளங்கியவருமான கி.வா. ஜகந்நாதன் 'கவி பாடலாம்' எழுதினார். புலவர் குழந்தை 'யாப்பதிகாரம்' செய்தார். அ.கி. பரந்தாமனார் 'கவிஞராக' என்னும் நூலை வழங்கினார். மாயூரத்துத் தோட்டத்தில் தளிர் தேடிய மாணவரிடம் பயின்றவர், முகமறியாத வாசகர்க்கு அஞ்சலட்டை விலையில் வெண்பாக் கற்பிக்க முன்வந்தார் என்றால், அதனை ஒரு பெருங்கொடை என்றே சொல்ல வேண்டும். ஊர்தோறும் கணக்கரும் ஆசிரியரும் நெசவாளரும் இந்நூல்களைக் கொண்டு தாமே கவி பயின்றனர்.

மரபை விட்டு விலகியோர்க்கும் பள்ளி ஒன்று தேவைப்பட்டது. சி.சு. செல்லப்பா 1959ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கிய 'எழுத்து' அவர்களுக்குப் பள்ளியாயிற்று. படைப்பையும் அப்படைப்பைப் பற்றிய ஆராய்ச்சியையும் ஒரே இதழில் அருகருகே வைத்ததால், எழுதுகிறவர் தம் எழுத்துக்குக் காரணம் சொல்லவும் பழகினர். 1962ஆம் ஆண்டில் 'புதுக்குரல்கள்' என்னும் தொகுப்பு வந்தது. புதுக்கவிதை பற்றி நம் வட்டத்தில் எத்தனையோ கருத்துவேறுபாடுகள் இருக்கலாம். ஆயினும் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் என்னும் அரைக்கூறு அங்கே நிறைவேறியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கல்லூரியும் முற்றிலும் வறண்டுவிடவில்லை. அப்துல் ரகுமான், மீரா, நா. காமராசன், இன்குலாப், அபி ஆகியோர் வெவ்வேறு ஆண்டுகளில் மதுரைத் தியாகராசர் கல்லூரியில் பயின்றவர்கள். ஔவை துரைசாமிப் பிள்ளை, பரந்தாமனார் போன்றோர் பணியாற்றிய கல்லூரி அது. ஒரே கல்லூரி இத்தனை கவிஞர்களைத் தந்ததற்குப் பாடத்திட்டம் காரணம் என்று நான் கருதவில்லை; அக்காலத்துப் பிற கல்லூரிகளிலும் பாடத்திட்டம் ஏறத்தாழ இதுவே. வகுப்புக்கு வெளியே ஒருவர் கவிதையை ஒருவர் கேட்கும் தோழமையும், அதனைக் கடிந்துகொள்ளாத ஆசிரியரும் அங்கே ஒருசேர வாய்த்தனர் என்பதே என் எண்ணம். அவர்களுள் அப்துல் ரகுமான் வாணியம்பாடியிலும், மீரா சிவகங்கையிலும் கல்லூரி ஆசிரியர்களாகிப் பிற இளைஞர்களை எழுத வைத்தனர்.

1971ஆம் ஆண்டில் கோவையில் எழுந்த வானம்பாடி இயக்கத்திலும் தமிழாசிரியர்கள் முன்னின்றனர். சிற்பி, புவியரசு, ஞானி, மு. மேத்தா முதலியோர் அதில் பங்கு கொண்டனர். விலையிலாக் கவிமடலாக அவர்கள் வெளியிட்ட இதழ் மாணவர் கைகளில் பரவியது. அதன் உரத்த குரலைப் பின்வந்தோர் குறை கூறினர். அக்குறையில் உண்மையும் உண்டு. எனினும், வகுப்பில் காரிகை நடத்தியவர்களே மாலையில் மாணவரோடு அமர்ந்து கவிதை எழுதினார்கள் என்பது, 1880க்குப் பின் பிரிந்த இரண்டும் சிறிது காலமாயினும் ஒன்று கூடியதற்குச் சான்று.

கடல் கடந்த யாழ்ப்பாணத்திலும் வட்டம் ஒன்று இப்பணியைச் செய்தது. 1986ஆம் ஆண்டில் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. போர்ச்சூழலில், பெண்கள் தம் கவிதைகளைத் தம்முள் படித்துப் பகிர்ந்து ஒரு சிறு நூலாக்கினர். தமிழில் பெண் கவிதையின் போக்கைத் திருப்பிய நூல்களுள் அது ஒன்று. காரிகையின் ஆசிரியர் விளித்த பெண், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், தன்னைப் போன்றவர்களோடு வட்டமாக அமர்ந்து மறுமொழி சொன்னாள் என்று இதனைக் கொள்ளலாம்.

என் கடன்

வரலாற்றை இவ்வளவு சொன்ன பிறகு, என்னைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடித்தால் நேர்மையாகாது. நான் யாப்பியலில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவள். வெண்பாவின் வரலாற்றை நூற்றாண்டு நூற்றாண்டாக எழுதினேன். ஈற்றடியின் இறுதியில் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகள் எந்தெந்த நூலில் எத்தனை முறை பயில்கின்றன என்று எண்ணி அட்டவணை இட்டேன். ஆனால் பட்டம் பெற்ற நாளில் என்னால் பிழையற்ற ஒரு வெண்பா இயற்ற முடியாது. இயற்றுமாறு எவரும் என்னைக் கேட்டதும் இல்லை. மாணவியாக இருந்தபோது எழுதிய கவிதைக் குறிப்பேட்டை ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். 'தேர்வுக்குப் படிக்கிற வழியைப் பாரம்மா' என்று அன்போடுதான் சொன்னார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவரிடமும் யாரும் வேறு எதையும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நம் வட்டத்திற்கு வந்த இரண்டாம் மாதத்தில், நடுக்கத்தோடு ஒரு வெண்பா படித்தேன். கைதட்டல் எழுந்தது. கூட்டம் முடிந்தபின் மூத்த அன்பர் ஒருவர் அருகில் வந்தார். அவர் தறிநெசவு செய்தவர்; பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்தியவர். 'அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது. இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள், உங்கள் காதுக்கே தெரியும்' என்றார். சொல்லிப் பார்த்தேன். தெரிந்தது. மாச்சீரை அடுத்து நேரசை நின்றது. ஆயிரம் வெண்பாக்களை அலகிட்ட கண்ணுக்குப் புலப்படாத பிழை, அன்று முதன்முறையாகக் காதுக்குப் புலப்பட்டது. அவர் தந்ததைக் காற்கூறு என்பதா, முக்காற்கூறு என்பதா, அறியேன். எனக்கு அந்த ஒரு திருத்தம், நான் பெற்ற பட்டத்தின் மறுபாதி.

அதன்பின் என் வகுப்பில் காரிகை நடத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். தளை நடத்தும் வாரத்தில் மாணவியர் ஒவ்வொருவரும் ஒரு குறள் வெண்பாவாவது எழுதி வர வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதனை வாய்விட்டுப் படித்துத் தட்டும் இடத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான வெண்பாக்கள் எளியவை, சில நகைப்புக்குரியவை. பேருந்து தவறியதைப் பற்றியும், விடுதிச் சாம்பாரைப் பற்றியும் வெண்பாக்கள் வருகின்றன. ஆனால் ஒரு பெண் தன் தோழியின் அடியைக் கேட்டு, 'இங்கே நிரையசை வரணும்டீ' என்று சொல்லும்போது, நூலின் விளிக்கு வகுப்பில் உடனே விடை கிடைப்பதைக் கேட்கிறேன். சில பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களில் படைப்பிலக்கியப் பயிற்சி இன்று ஒரு தாளாக இடம்பெறுவதும் மகிழ்ச்சிக்குரியது. அதுவும் வினா விடையாகச் சுருங்காமல் காப்பது ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பு.

நிறைவாக, வட்டத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பத்தாண்டில் நாம் வளர்ந்திருக்கிறோம். நூல் வெளியீடுகள் பெருகியுள்ளன, பொன்னாடைகளும் பெருகியுள்ளன. ஆனால் அண்மைக் காலத்தில், கவிதை படித்து முடித்த இளைஞரிடம் 'அருமை' என்று சொல்வதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். முன்பு கூட்டம் முடிந்தபின் வாயிற்படியில் நின்று அடி அடியாகத் திருத்திய அந்த அரை மணி நேரம் குறைந்து வருகிறது. நான் இதுவரை சொன்ன வரலாற்றில், கவி கற்ற மாணவர் எவரும் பாராட்டால் மட்டும் கற்றதாகத் தெரியவில்லை. அருகில் அமர்ந்து கேட்டவரால் கற்றார்கள். பதினொன்றாம் ஆண்டின் முதற்கூட்டத்திலிருந்து, ஒவ்வொரு மாதமும் வெளியீடோ பாராட்டோ இல்லாத ஒரு மணி நேரத்தைத் திருத்தத்திற்கென்றே ஒதுக்க வேண்டுகிறேன். முதல் நாளில் திருத்துவதற்கு என் வெண்பாக்கள் சிலவற்றை எடுத்து வருகிறேன். அந்த மூத்த அன்பர் இப்போது உடல் தளர்ந்து கூட்டத்திற்கு வருவது அரிதாகிவிட்டது. வர இயலாவிட்டால், நாம் அவர் வீட்டுத் திண்ணைக்கே போகலாம்.